க்ரூகரில் நாமே கார் ஓட்டி சஃபாரி: கட்டுப்படியான செலவில் திட்டமிட்டுப் பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

ஆப்பிரிக்காவில் காட்டு விலங்குகளைப் பார்க்க ஆசைப்பட்டு, ஏஜெண்டிடம் விலை கேட்டு, தொகையைப் பார்த்ததும் ஆசையை மூட்டை கட்டி வைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். கென்யாவின் மசாய் மாராவில் ஜூலை முதல் டிசம்பர் வரை நுழைவுக் கட்டணம் மட்டுமே வெளிநாட்டவருக்கு ஆளுக்கு, நாளுக்கு 200 டாலர். நான்கு பெரியவர்கள் நான்கு நாள் போனால் அதுவே 3,200 டாலர். வண்டி, ஓட்டுநர், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தனி.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் கணக்கு வேறு. சாதாரண வாடகைக் காரை நாமே ஓட்டிக்கொண்டு சிங்கம், யானை, சிறுத்தை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தையும் தேடலாம். முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகள். வேலி போட்ட முகாம்களை சான்பார்க்ஸ் என்ற அரசு அமைப்பே நடத்துகிறது. அங்கேயும் வண்டி சாலையின் இடதுபுறம்தான் போகும், அதனால் நம் ஊரில் ஓட்டிப் பழகியவருக்குக் கை தடுமாறாது.

நான் போய்வந்த பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள் சிலருக்கு உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்: வேலைகளின் வரிசை. தள்ளுபடி வந்தது என்று விமான டிக்கெட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் பார்த்தால் பூங்காவுக்குள் அறை இல்லை. வெளியே தங்கி, தினமும் கேட்டில் வரிசையில் நின்று, பணமும் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் மாதம்

மே முதல் செப்டம்பர் வரை அங்கே குளிர்காலம், மழை இல்லாத காலம். புல் காய்ந்து படுத்துவிடும், புதர்கள் இலை உதிர்க்கும், தண்ணீர் சில இடங்களில் மட்டும் மிஞ்சும். விலங்குகள் அந்தத் தண்ணீரைத் தேடி வருவதால் புதியவர்கள் கண்ணுக்கும் எளிதில் படும். கொசுவும் குறைவு.

நவம்பர் முதல் மார்ச் வரை மழை. காடு பச்சைப்பசேல் என்று அழகாக இருக்கும், குட்டிகளைப் பார்க்கலாம், பறவைகள் ஏராளம். ஆனால் ஆள் உயரப் புல்லுக்குள் பத்தடி தூரத்தில் சிங்கம் படுத்திருந்தாலும் தெரியாது. வெயில் 40 டிகிரியைத் தொடும். பலத்த மழை பெய்தால் மண் சாலைகளை மூடிவிடுவார்கள்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது மே அல்லது செப்டம்பர். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறை வரும். உள்ளூர்க் குடும்பங்கள் எல்லா முகாம்களையும் நிரப்பிவிடும். டிசம்பரும் அப்படியே. அந்த நாட்டுப் பள்ளி விடுமுறைத் தேதிகளைப் பார்த்து, அவற்றைத் தவிர்த்து ஒரு பத்து நாள் இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பின் ஐந்து நாள் நகர்த்த முடிந்தால் அறை கிடைப்பது எளிதாகும்.

2. முகாம்களையும் இரவுகளையும் காகிதத்தில் போடுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான்.

பூங்கா வடக்கு தெற்காகச் சுமார் 360 கி.மீ. நீளம். புதிதாகப் போகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்ததும் ஒரு முகாமுக்கு ஓர் இரவு என்று மேலிருந்து கீழ்வரை ஏழு முகாம் போட்டுவிடுவார்கள். இது பெரிய தவறு. தார்ச்சாலையில் வேக வரம்பு 50 கி.மீ., மண் சாலையில் 40. விலங்கு பார்த்துப் பார்த்துப் போனால் மணிக்கு 20 முதல் 25 கி.மீ.தான் நகர்வீர்கள். லோயர் சாபி முகாமிலிருந்து சதாரா முகாம் 93 கி.மீ. நம் ஊர்க் கணக்கில் ஒன்றரை மணி நேரம் என்று தோன்றும், அங்கே நான்கைந்து மணி நேரம். தினமும் மூட்டை கட்டினால், விலங்குகள் நடமாடும் அதிகாலை உங்களுக்குப் பெட்டி அடுக்குவதில் போய்விடும். காலை 10 மணிக்கு அறையைக் காலி செய்து, பிற்பகல் 2 மணிக்கு அடுத்த சாவி வாங்கும் வரை வண்டியிலேயே இருக்க வேண்டியும் வரும்.

ஆகவே இரண்டு முகாம், மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. பூங்காவின் தென்பாதியிலும் நடுப்பகுதியிலும் விலங்குகள் அடர்த்தி. வடக்கே மோபானி மரக்காடு. யானைகள் உண்டு, அமைதி உண்டு, மற்றவை குறைவு. அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த ஏழு இரவுத் திட்டம் இது. லோயர் சாபியில் மூன்று இரவு, சதாராவில் மூன்று, ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இறங்கியதும் ஓர் இரவு.

லோயர் சாபி ஆற்றங்கரையில் இருக்கிறது. முகாமை விட்டு வெளியே வந்த உடனே சன்செட் டேம் என்ற குளம். நீர்யானையும் முதலையும் அங்கே அனேகமாக எப்போதும் இருக்கும். அங்கிருந்து ஸ்குகுசா போகும் எச் 4-1 சாலை சாபி ஆற்றை ஒட்டியே செல்கிறது. சிறுத்தை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்த ஆற்றோர மரங்களின் கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சதாரா சமவெளிப் புல்காடு. வரிக்குதிரையும் வில்டபீஸ்ட் மானும் மந்தையாக மேய்கிற இடம், அதனால் சிங்கங்களும் அங்கே. எஸ் 100 என்ற மண் சாலை அதற்குப் பேர் போனது. எட்டாவது இரவு கையில் இருந்தால் ஒலிஃபான்ட்ஸ் முகாமில் தங்குங்கள். ஆற்றுக்கு மேலே குன்றின் விளிம்பில் இருக்கிறது. நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கீழே யானைகள் ஆற்றைக் கடப்பது தெரியும்.

ஸ்குகுசா மிகப் பெரிய முகாம், வசதியும் அதிகம், கூட்டமும் அதிகம். வேறு இடம் கிடைக்காவிட்டால் தாராளமாக எடுங்கள்.

3. படுக்கையைப் பதிவு செய்யுங்கள்

சான்பார்க்ஸ் சுமார் 11 மாதம் முன்பே பதிவைத் திறக்கிறது. செப்டம்பரில் போக வேண்டுமானால் முந்தைய அக்டோபரிலேயே பார்க்கத் தொடங்குங்கள். லோயர் சாபியும் சதாராவும் முதலில் நிறைகிறவை, வெள்ளி சனி இரவுகள் இன்னும் முன்பாக. எனவே கிடைக்க அரிதான இரவை முதலில் பிடியுங்கள், மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

பதிவுக்கு உட்காருமுன் வங்கிச் செயலியில் உங்கள் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள். இந்தியக் கார்டுகளில் அது பெரும்பாலும் மூடியே வரும். பணம் கட்டும் நேரத்தில் கார்டு மறுக்கப்பட்டு, திரும்பி வருவதற்குள் அறை போன கதை எனக்கே நடந்தது.

தங்குமிட வகைகளைப் புரிந்துகொண்டால் நிறைய மிச்சம் பிடிக்கலாம். கூடாரம் போட வெறும் இடம், கட்டில் போட்ட சஃபாரி கூடாரம், பொதுக் கழிப்பறை உள்ள குடிசை, குளியலறையுடன் பங்களா, பெரிய குடும்பத்துக்குக் காட்டேஜ் என்று மேலே போகும். இங்கே பங்களா என்பது ஒற்றை அறை வட்ட வீடு. பேரைப் பார்த்து மிரள வேண்டாம். இரண்டு பேருக்குப் பங்களா போதும். காசு இறுக்கமாக இருந்தால் குடிசை எடுங்கள், பொதுக் கழிப்பறைகள் சுத்தமாகவே இருந்தன.

பதிவில் அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, காட்டும் விலை ஒன்றிரண்டு பேருக்கான அடிப்படை விலை. மூன்று படுக்கை உள்ள அறையானாலும் மூன்றாம் ஆளுக்குத் தனிக் கட்டணம் சேரும். இரண்டாவது, சில அறைகளில் சமையலறை இருக்கும், பாத்திரம் இருக்காது. சில அறைகளில் இரண்டுமே இருக்காது. விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். மூன்றாவது, ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் அறைக்குக் கூடுதல் கொடுப்பது. விடிந்ததிலிருந்து வெளியே சுற்றப் போகிறவருக்கு அது தேவையில்லை. ஒலிஃபான்ட்ஸில் மட்டும் கொடுங்கள், அங்கே உட்கார்ந்து பார்ப்பதற்கே போகிறோம்.

நிறைந்துவிட்டது என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். பலர் ரத்து செய்வார்கள். தினமும் காலையில் ஒரு முறை பாருங்கள். ஒரே முகாமில் முதல் இரவு ஒரு அறை, அடுத்த இரவு வேறு அறை என்று ஒட்டுப் போட்டும் எடுக்கலாம். கொஞ்சம் அலைச்சல், ஆனால் வெளியே தங்குவதைவிடப் பல மடங்கு மேல்.

ஏன் உள்ளேயே தங்கச் சொல்கிறேன்? நவம்பர் முதல் ஜனவரி வரை முகாம் கதவுகள் காலை 4:30க்குத் திறக்கும், பூங்காவின் வெளி நுழைவாயில்கள் 5:30க்கு. அந்த ஒரு மணி நேரம் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும். குளிர்காலத்தில் இரண்டும் ஒரே நேரம், 6 மணி. அப்போதும் வெளியே தங்குகிறவர் ஹோட்டலிலிருந்து வந்து, வரிசையில் நின்று, சீட்டு வாங்கி நுழையும்போது சிங்கம் நிழலுக்குப் போயிருக்கும்.

4. விசா, விமானம், தடுப்பூசி

இந்தியர்களுக்கு விசா வேண்டும். தங்குமிடப் பதிவுக் கடிதத்தைக் கேட்பார்கள், அது ஏற்கெனவே கையில் இருக்கும். பாஸ்போர்ட்டில் குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்கட்டும். குழந்தைகளுக்குப் பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டாக வாங்குங்கள். விசா தாமதமானால் இரண்டு மூன்று ஆயிரம் ரூபாய் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

சென்னையிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு ஏதாவது ஓர் ஊரில் மாறித்தான் போக வேண்டும். விலை குறைந்த டிக்கெட் சில சமயம் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக வரும். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் இடைநின்றால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். திரும்பி வரும்போது இந்தியாவில் சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. அந்த வழியில் போவதானால் ஊசி போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளக் கூடாது. துபாய், தோஹா வழி என்றால் இந்தத் தொல்லை இல்லை.

க்ரூகர் மலேரியா உள்ள பகுதி. குளிர்காலத்தில் ஆபத்து குறைவு, இல்லாமல் போவதில்லை. மாத்திரை வேண்டுமா, எது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். சிலவற்றைப் போவதற்கு முன்பே தொடங்கி, வந்த பிறகும் தொடர வேண்டும்.

5. கார்

ஓட்டுநரின் பெயரில் கிரெடிட் கார்டு இருந்தே ஆக வேண்டும். வாடகை நிறுவனங்கள் ஒரு முன்தொகையை அதில் முடக்கி வைக்கும். என் உறவினர் ஒருவர் முழு வாடகையையும் இங்கிருந்தே கட்டிவிட்டு, பயண கார்டும் டெபிட் கார்டும் மட்டும் எடுத்துப் போனார். கவுண்டரில் சாவி கொடுக்க மறுத்துவிட்டார்கள். கூட வந்தவரின் கிரெடிட் கார்டும் செல்லவில்லை, ஏனென்றால் அவர் ஓட்டுநர் இல்லை. கடைசியில் ஓட்டுநரை மாற்றி, புது ஒப்பந்தம் போட்டு, அன்றைய விலைக்கு எடுத்தார்கள்.

ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஓர் ஆண்டு செல்லும். அதோடு நம் அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும்.

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி தேவையில்லை. ஆனால் சற்று உயரமான காரை எடுங்கள், புல்லுக்கு மேலே பார்வை போகும். முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நான்கு சன்னலும் முழுதாக இறங்குகிறதா பாருங்கள். காப்பீட்டில் டயரும் கண்ணாடியும் சேர்ந்திருக்கட்டும். மண் சாலையில் முதலில் அடிபடுவது அவைதான். சாவி வாங்கும்போது கீறல்களைப் படம் எடுங்கள், மாற்று டயரில் காற்று இருக்கிறதா அழுத்திப் பாருங்கள்.

6. பூங்காக் கட்டணம்

தங்குமிடம் தவிர, ஆளுக்கு நாள் கணக்கில் இயற்கைப் பாதுகாப்புக் கட்டணம் உண்டு. வெளிநாட்டவருக்கு 600 ராண்டை (ராண்ட் அந்த நாட்டு நாணயம்) ஒட்டி வருகிறது, ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது. வைல்ட் கார்டு என்ற ஆண்டு அட்டை வாங்கினால் இது தனியாக இல்லை. தனி ஆள், இருவர், குடும்பம் என்று தனித்தனி அட்டைகள் இருக்கின்றன. உங்கள் நாள்களை ஆள்களால் பெருக்கி அட்டை விலையோடு ஒப்பிடுங்கள். ஒரு வாரம் அல்லது அதற்கு மேல் தங்கும் குடும்பத்துக்கு அட்டைதான் லாபம், மூன்று நாள் போகிறவருக்குத் தேவையில்லை.

7. மூட்டையும் சாப்பாடும்

ஜூன், ஜூலைக் காலைகளில் முகாமின் திறந்த சஃபாரி வண்டியில் போனால் குளிர் எலும்பில் இறங்கும். ஸ்வெட்டர், காதை மூடும் குல்லாய், கையுறை வேண்டும். ஆளுக்கு ஒரு பைனாகுலர் என்பது என் கண்டிப்பான கருத்து. வீட்டுக்கு ஒன்று என்று வைத்தால், பார்க்க வேண்டிய நொடியில் அது இன்னொருவர் கையில் இருக்கும். 8x42 என்று போட்ட அளவு போதும். பிளக் விஷயத்தில் ஒரு வசதி: அங்கே பழைய முறை சாக்கெட், நம் வீட்டில் ஏசிக்கு இருக்கிற பெரிய மூன்று முள் பிளக்தான். அதிலிருந்து சின்ன பிளக்குக்கு மாற்றும் அடாப்டர் உள்ளூர் மின்சாமான் கடையிலேயே கிடைக்கும்.

முகாம் உணவகங்களில் சைவம் குறைவு, விலையும் கூடும். சமையல் வசதியுள்ள அறை எடுத்தால் இரண்டு வேளையாவது நாமே செய்துகொள்ளலாம். இந்திய வம்சாவளியினர் நிறையப் பேர் வாழும் நாடு என்பதால் அரிசி, பருப்பு, மசாலாப் பொடி எல்லாம் சூப்பர்மார்க்கெட்டிலேயே இருக்கும். பூங்காவுக்குள் நுழையுமுன் வாங்கிவிடுங்கள். அறை வாசலில் இருக்கும் ஃபிரிட்ஜைத் தாழ் போடாமல் விட்டால் குரங்குகள் காலி செய்துவிடும்.

8. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கேட் வரை

இறங்கிய அன்றே புறப்படாதீர்கள். தூக்கமில்லாத கண்ணோடு ஐந்து மணி நேரம் ஓட்டுவதும், இருட்டில் அந்தச் சாலையில் இருப்பதும் வேண்டாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தூங்கி, காலை 7 மணிக்குக் கிளம்புங்கள்.

N4 என்ற சுங்கச்சாலையில் கிழக்கே போய், கோமாட்டிபோர்ட் அருகே குரோக்கடைல் பிரிட்ஜ் கேட் வழியாக நுழையுங்கள். அங்கிருந்து லோயர் சாபி 34 கி.மீ. மே முதல் ஜூலை வரை முகாம் கதவு மாலை 5:30க்கு மூடும், தாமதமானால் அபராதம் உண்டு. வழியில் யானைக் கூட்டம் நின்றால் அது நகரும் வரை நாமும் நிற்க வேண்டும். அதனால் 3 மணிக்குள் கேட்டில் இருங்கள்.

நும்பி கேட் போகும் சாலையைத் தவிர்த்துவிடுங்கள். 2022இல் அங்கே ஒரு ஜெர்மன் பயணி சுட்டுக் கொல்லப்பட்டார். மேப் அந்த வழியைக் காட்டினாலும் N4 சாலையை விட்டு இறங்க வேண்டாம்.

வழியில் யாராவது ரோபோவில் திரும்புங்கள் என்றால் டிராஃபிக் சிக்னலைச் சொல்கிறார்கள்.

9. உள்ளே ஒரு நாள்

கதவு திறக்கும்போது நீங்கள் வரிசையில் இருக்க வேண்டும். பிளாஸ்கில் காபி, கையில் ரொட்டி. முதல் மூன்று மணி நேரம்தான் நாளின் சாரம். பதினொரு மணிக்குத் திரும்பி, சமைத்து, தூங்கி, 3 மணிக்கு மறுபடி கிளம்புங்கள். நடுப்பகலில் சுற்றினால் பெட்ரோலும் பொறுமையும் தீரும், மாலையில் கண் சோர்ந்துவிடும்.

முகாமில் அன்றைக்கு எது எங்கே தெரிந்தது என்று காந்த வில்லை ஒட்டிய பலகை இருக்கும். அதைப் பாருங்கள், ஆனால் அதையே துரத்தாதீர்கள். அதற்காக 40 கி.மீ. தூரம் விரைந்து போனால் வழியில் இருந்ததையும் தவறவிடுவீர்கள். ஒரு நீர்நிலையில் எஞ்சினை அணைத்து அரை மணி நேரம் உட்காருங்கள். இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே திசையில் விறைத்து நின்றால் அந்தத் திசையைப் பாருங்கள். காண்டாமிருகம் பார்த்தால் இடத்தை யாருக்கும் எழுதி அனுப்பாதீர்கள், வேட்டைக்காரர்கள் அதைத் தேடுகிறார்கள்.

குறிக்கப்பட்ட இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கவே கூடாது. சன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டுவதும் கூடாது. வண்டியை ஒரு உருவமாகப் பார்த்துப் பழகிய விலங்குக்கு, அதிலிருந்து தனியாக நீளும் மனிதன் வேறு பொருள்.

யானையிடம் மட்டும் கூடுதல் கவனம். தலையைக் குலுக்கினால், காதை விரித்து உங்களை நோக்கித் திரும்பினால், மெல்லப் பின்னால் போங்கள். கன்னத்தில் மதநீர் வழியும் ஆண் யானை வந்தால் தூரத்திலேயே நின்று வழி விடுங்கள். பின்னால் போக இடம் இல்லாதபடி இன்னொரு காரை ஒட்டி நிற்காதீர்கள்.

முகாமில் நடத்தும் மாலைச் சஃபாரி ஒன்றையாவது முன்பே பதிவு செய்யுங்கள். கதவு மூடிய பிறகு வெளியே இருக்க அது ஒன்றே வழி. கழுதைப்புலியும் இரவில் நடக்கும் சிறுத்தையும் விளக்கொளியில் தெரியலாம். ஆயுதம் ஏந்திய இரண்டு வழிகாட்டிகளோடு எட்டுப் பேர் வரை போகும் காலை நடையும் இருக்கிறது, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அதில் பெரிய விலங்கு தெரியாமல் போகலாம். எனக்கு அந்த நடையில் கிடைத்தது ஒரு சிங்கத்தின் புதுத் தடம் மட்டும், அதுவே இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

10. திரும்பும் நாள்

சதாராவிலிருந்து ஓர்பன் கேட் 48 கி.மீ. அதையும் கடைசி சஃபாரியாக வைத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்புங்கள். வெளியே வந்தபின் ஜோகன்னஸ்பர்க்குக்கு ஆறு மணி நேரம். இரவு விமானம் என்றால் சரி, மாலை 6 மணிக்கு முந்தைய விமானம் என்றால் முதல் நாள் மதியமே பூங்காவை விட்டு வந்துவிடுங்கள். மிஞ்சிய இறைச்சி இருந்தால் கேட்டில் எடுத்துவிடுவார்கள், கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவாமல் தடுக்க இருக்கும் விதி அது. முந்தைய இரவே சமைத்து முடித்துவிடுங்கள்.